திட்டு வாங்காத விருந்தாளி

ஸ்கார்விக்கில் ஒட்னியிடம் திட்டு வாங்காதவர்கள் மிகக் குறைவு. புதிதாக வந்த பாதிரியார் கொஞ்ச நாள் தப்பித்திருந்தார். பனி கொட்டிய ஒரு காலையில் காரைத் தெருவிலேயே விட்டுவிட்டுத் தூங்கினார், அதோடு அவர் கணக்கும் தீர்ந்தது. முன்னால் பெரிய இரும்புத் தட்டு மாட்டிய, ஊரின் பனி தள்ளும் லாரியை ஒட்னி இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறாள். கண்ணாடியை இறக்கினால் முதலில் வெளியே வருவது அவள் குரல்தான், தலை அப்புறம்.

"டேய் கருவாட்டுத் தலையா, வண்டிய எடுக்கறியா, இல்ல அதையும் சேத்துக் கடல்ல தள்ளட்டுமா?"

அந்தக் கருவாட்டுத் தலையன் யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே வந்து வண்டியை எடுப்பான். சாயங்காலம் அவள் வாசலில் ஒரு வாளி மீனை வைத்துவிட்டுப் போவதும் அவனாகத்தான் இருக்கும். நார்வேயின் வடகோடியில் வாய் அப்படி. தெற்கிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரம் மிரளுவார்கள், இரண்டாவது வாரம் தாங்களும் ஆரம்பித்துவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்று வயது ஒட்னிக்கு. துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மஞ்சள் வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் மீன் லாரி ஓட்டினாள். பனி வண்டிக்கு அவள் மனு போட்டபோது, "பொம்பளைக்கு அந்த இரும்புத் தட்டு அடங்காது" என்று லாரிக் கிடங்கு ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பள்ளிக்கூட மேட்டை வழித்துவிட்டு வந்து, அதே மேசையில் உட்கார்ந்து அவர்களுடைய பன்னைத் தின்றாள். கணவன் ஹோகன் கரையோரப் பயணக் கப்பலில் சமையல்காரன். இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு. மகன்கள் இருவரும் வேலைக்கென்று தெற்கே போய்விட்டார்கள். மாடி அறை சும்மா கிடந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு பள்ளி வருடம் தங்க வீடு வேண்டும் என்று கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். ஹோகனிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அப்படித்தான் ஆகஸ்டில் பாராகுவேயிலிருந்து அராசெலி வந்தாள். பதினேழு வயது. பெட்டியில் ஏழு பருத்திச் சட்டைகளும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் இருந்தன.

அவள் வருவதற்கு முதல் நாள் ஒட்னி ஒரு முடிவு எடுத்தாள். "அந்தப் பொண்ணு பூமிக்கு அந்தப் பக்கத்துலேருந்து வருது. அது காதுல என் வாய் விழக்கூடாது."

ஹோகன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அப்ப பத்து மாசம் ஊமையாவா இருக்கப் போற?"

"மரியாதையா இருக்கப் போறேன்."

"ரெண்டும் உனக்கு ஒண்ணுதானே."

இருந்தாள். ஹோகனைத் திட்டினாள், வானொலியில் வானிலை சொல்கிறவனைத் திட்டினாள், சூடாக மறுத்த காபி இயந்திரத்தைத் திட்டினாள். அராசெலி பக்கம் திரும்பினால் மட்டும் குரல் பஞ்சாகிவிடும். "இன்னொரு துண்டு எடுத்துக்கறியாம்மா?" "கதவ சாத்தணும்னு அவசியமில்லம்மா, நான் சாத்திக்கறேன்." கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டபோது அராசெலி இரண்டு தட்டைக் கரியாக்கினாள். "பரவால்லம்மா, நிறம் நல்லாருக்கு" என்று ஒட்னி ஒன்றை எடுத்துக் கடித்தாள். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. ஹோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டான்.

அக்டோபர்வரை அந்தப் பெண் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது பாடுவாள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். முதல் பனி விழுந்த அன்று வெறுங்காலோடு வாசலுக்கு ஓடி, அதே வேகத்தில் அலறிக்கொண்டு உள்ளே வந்தாள். நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. ஜனவரி பாதிவரை அது திரும்ப எட்டிப்பார்க்காது. ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டார்கள், நாய்க்குக்கூட மினுங்கும் பட்டை கட்டினார்கள், வழக்கம்போல் இருந்தார்கள். அராசெலிதான் அணைந்துபோனாள். பள்ளி விட்டு வந்தால் போர்வைக்குள் புகுந்துகொள்வாள். காலையில் ஒட்னி நீட்டும் மீன் எண்ணெய்க் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். பூட்ஸுக்கு அடியில் முள்பட்டை மாட்ட மறந்து, மூன்று முறை தபால் பெட்டியடியில் மல்லாந்தாள். மதியம் இரண்டு மணி நேரம் மலையும் கடலும் நீலமாகக் கிடக்கும். அந்த இரண்டு மணி நேரமும் அவள் வகுப்பறைக்குள் இருந்தாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற வெங்கெ தொலைபேசியில் பேசினாள். தெற்கே கிரிம்ஸ்டாவில் ஒரு குடும்பம் இருக்கிறது, அங்கே தினமும் ஆறு மணி நேரம் வெளிச்சம், அராசெலி விரும்பினால் இடம் மாறலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றாள்.

ஒட்னி தொலைபேசியை வைத்தாள். அந்தப் பெண் எங்கேயும் போகக்கூடாது. காலையில் எதிர் நாற்காலியில் தலைமுடி கலைந்து உட்கார்ந்து, ரொட்டிமேல் சர்க்கரை தூவித் தின்கிற அந்த அநியாயத்தைப் பார்க்காமல் அவளுக்கு நாள் விடியாது. ஆனால் அடுத்தவர் முடிவில் மூக்கை நுழைப்பதை அந்த ஊரில் யாரும் செய்வதில்லை. கடலுக்குப் போகிறவனிடம்கூட "போகாதே" என்று சொல்லமாட்டார்கள், "காத்து அடிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆகவே சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "உனக்கு எது வசதியோ அப்படிச் செய்ம்மா. எனக்கு எந்த வருத்தமும் இல்ல" என்றாள்.

அராசெலி முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "சரி" என்றாள். மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

"நல்லா சொன்ன போ" என்றான் ஹோகன். "வேண்டாத விருந்தாளிக்குக் கோட்ட எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு."

"அவ முடிவு அது. நான் இழுத்துப் பிடிக்க முடியுமா?"

"இழுத்துப் பிடிக்க வேண்டாம். இருந்தா சந்தோஷம்னு சொல்லலாமில்ல?"

"நீ உன் மீன் சூப்பைப் பாரு, சாத்தானோட மச்சானே."

புதன்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. வியாழக்கிழமை ஒட்னி விடியலுக்கு முன்பே கிளம்பி, துறைமுகம், மருத்துவமனை, பள்ளிக்கூட மேடு என்று வழித்து முடித்துவிட்டு, பிற்பகலில் தன் தெருவுக்குத் திரும்பினாள். நீலமும் போய்த் தெருவிளக்குகள்தான் எரிந்தன. தூரத்திலேயே ஏதோ அவள் கண்ணை உறுத்தியது. காலையில் அவள் சுத்தமாக வழித்துவிட்டுப் போன தெருவின் நட்டநடுவில், சரியாகத் தன் வீட்டுக்கு எதிரே, இடுப்பளவுக்குப் பனி மேடு நின்றது.

வீட்டு முற்றத்துப் பனியைத் தெருவில் கொட்டுவது ஸ்கார்விக்கில் பெரிய பாவம். திருடனைக்கூட மன்னித்துவிடுவார்கள். அவரவர் பனி அவரவர் எல்லைக்குள்தான் குவிய வேண்டும். சரிவில் வந்த லாரி நின்று தொலைக்கவில்லை. இரும்புத் தட்டு அந்த மேட்டை அப்படியே வாரிக்கொண்டு போய், எதிர்வீட்டு யெர்முண்டின் வாசலில் கொட்டியது. யெர்முண்ட் அறுபது வயதுக்காரர், ஓய்வுபெற்ற மாலுமி. இரண்டு மணி நேரம் வாரி அப்போதுதான் வாசலைச் சுத்தம் செய்திருந்தார். பனி வாரும் ஷவலைக் கையில் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றிருந்தார். இப்போது தொப்பி மட்டும் தெரிந்தது.

"ஒட்னி! அடிப்பாவி! இருபது வருஷமா இத நீ வேணும்னுதான் பண்றே!"

"வாய மூடுய்யா கிழட்டுக் கடல்நாயே, இது என் வேலை இல்ல!"

அவள் லாரியிலிருந்து குதித்துத் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். முற்றம் தரை தெரிய வழித்திருந்தது. நடுவே மூன்று ஜாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ஒட்னியின் பெரிய ஷவலைப் பிடித்தபடி, கன்னம் சிவக்க அராசெலி நின்றிருந்தாள். அரை நாள் பள்ளி. போவதற்கு முன் இந்த வீட்டுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தாள்.

"முடிச்சிட்டேன்!" என்றாள் பெருமையாக.

நாலு மாதமாக ஒட்னி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"அடி அறிவுகெட்ட கழுதை! சாத்தான் பெத்த தறுதலை! தெருவுலயா கொட்டுவ? உன் மண்டைக்குள்ள இருக்கறது மூளையா, போன வருஷத்து மீன் குடலா? நான் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு வழிப்பேன், நீ கரடிக்குட்டி மாதிரி மூணு கோட்ட மாட்டிக்கிட்டு வந்து திரும்பக் கொட்டுவியா? உள்ள பருத்திச் சட்டைதானே போட்டுருக்க? வேர்த்துச்சுன்னா அப்படியே விறைச்சுப் போவடி! கம்பளி எங்க? தலையில குல்லா எங்க? அந்தப் பிஸ்கட்ட வேற கரியாக்கின, இன்னும் என் பல்லு ஆடுது! ரொட்டி மேல சர்க்கரை போட்டுத் திங்கறியே, அதுக்கே உன்னைக் கடல்ல முக்கணும்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. யெர்முண்ட் பனிமேட்டுக்கு மேலே தலையை நீட்டி, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒட்னிக்கு மூச்சு வாங்கியது. அப்புறம்தான் யாரைத் திட்டினோம் என்பது உறைத்தது. எல்லாம் போயிற்று, நாளைக்கு இந்தப் பெண் கிரிம்ஸ்டா என்றுதான் பதில் சொல்லும் என்று நினைத்தாள். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அராசெலியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் ஒட்னி நினைத்தாள். ஷவலைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டிட்டீங்க!"

"அம்மா, நான் வந்து..."

"அம்மானு சொல்லாதீங்க! ஊர்ல எல்லாரையும் திட்டறீங்க. காபி மெஷினைக்கூட. என்னை மட்டும் கண்ணாடி டம்ளர் மாதிரி. ஸ்கூல்ல என்ன சொல்றாங்க தெரியுமா? ஒட்னி ஒருத்தரைத் திட்டலைன்னா அவங்க அவளுக்கு ஆகாதவங்கன்னு அர்த்தமாம். நானும் தினம் பாத்தேன். இன்னிக்கு திட்டுவாங்க, நாளைக்கு திட்டுவாங்கன்னு. பிஸ்கட்ட வேணும்னேதான் கரியாக்கினேன், ரெண்டாவது தட்டை. அதுக்கும் நிறம் நல்லாருக்குன்னீங்க!"

"வேணும்னேவா?" என்றாள் ஒட்னி. "அடிப்பாவி, அதுல அரைக்கிலோ வெண்ணெய் இருந்துச்சு!"

"அப்படித்தான்!" என்று கத்தினாள் அராசெலி. "அப்படித்தான் பேசணும்!"

யெர்முண்ட் தொண்டையைக் கனைத்தார். "குடும்ப விஷயம் முடிஞ்சுதுன்னா, ரெண்டு பேரும் வந்து என் வாசலைத் தோண்டறீங்களா? பாத்ரூம் அவசரமில்ல, ஆனா வரும்."

மூவருமாகத் தோண்டினார்கள். அராசெலிக்கு ஷவலைப் பிடிக்கவே தெரியவில்லை. முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கினாள், காற்றுக்கு எதிராக வீசித் தன் முகத்திலேயே போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் திட்டு விழுந்தது. நாலாவது திட்டுக்கு அவளும் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய சொற்கள். ஒட்னியே நின்று திரும்பிப் பார்க்கும்படி ஒன்று வந்தது.

"இத யாருடி சொல்லிக் குடுத்தா?"

"பாதிரியார் பையன்."

யெர்முண்ட் ஷவலில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

யெர்முண்டின் வாசல் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஒட்னி லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பழக்கமில்லாத வேலை இது. கடைசியில் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கிரிம்ஸ்டா கிரிம்ஸ்டான்னு எவளாவது சொன்னா, ரெண்டு காலையும் ஒடிச்சு மாடில போடுவேன். இருந்தா எனக்கு சந்தோஷம். சொல்லிட்டேன். இப்ப உள்ள போய் கம்பளி போடு, கழுதை."

வெள்ளிக்கிழமை காலை வெங்கெ தொலைபேசியில் அழைத்தபோது அராசெலி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஒட்னி பாத்திரம் கழுவுவதுபோல் குழாயை மெல்லத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டாள்.

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள் அராசெலி. மறுமுனையில் ஏதோ கேள்வி. "இருட்டா? ஆமா, இருட்டாத்தான் இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் யெர்முண்டோட பனிச்சறுக்கப் போறேன், தலையில விளக்கு மாட்டிக்கிட்டு. விழுவேன்னு நினைக்கறேன்." மறுபடியும் ஒரு கேள்வி. அவள் ஒட்னியின் முதுகைப் பார்த்தாள். "எப்படி நடத்தறாங்களா? ரொம்ப மோசம். நேத்துலேருந்து நிறுத்தவே இல்ல."

"போன வைடி, ஸ்கூலுக்கு நேரமாச்சு!" என்றாள் ஒட்னி. "முள்பட்டை மாட்டாம போய் விழுந்தா எடுக்க வரமாட்டேன்!"

"கேட்டுச்சா?" என்று தொலைபேசியில் சொன்னாள் அராசெலி, வாய் நிறைய ரொட்டியோடு.