மூன்று விலை ஒயினும் மாமனாரின் குத்தூசியும்

"சிவப்பு ஒயின், ஒரு அவுன்ஸ், சாப்பாட்டுக்குப் பின் இரு வேளை. நல்லதாக வாங்கவும்." தர்மபுரியில் டாக்டரம்மா 14-11-36 என்று தேதியிட்டு எழுதிக்கொடுத்த சீட்டு இது. என் நாட்குறிப்பிலும் அதே சனிக்கிழமைக்கு நேரே "சீட்டு பெற்றேன்" என்றிருப்பதால் தேதியில் சந்தேகமில்லை. தொல்லையெல்லாம் சீட்டின் கடைசி இரண்டு சொற்களில் இருந்தது. நல்லது எது என்று அந்த அம்மாள் எழுதவில்லை.

என் மனைவிக்கு முதல் பிரசவம் ஆகி ஒரு மாதம் கடந்திருந்தது. கம்பைநல்லூரில் பிறந்த வீட்டில் இருந்தாள். பிரசவத்தில் இரத்தம் ஏராளமாகப் போய்விட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். குழந்தையை எடுத்து மடியில் வைக்கவே இன்னொருவர் வேண்டும். இப்படியே விட்டால் பால் வற்றிவிடும், தாயையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவரும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஒயினை நான் தேடிப் போனதற்கு அது ஒன்றே காரணம். நான் தர்மபுரியில் பத்திரங்களுக்கு நகல் எழுதும் குமாஸ்தா. அதுவரை ஒயினைப் புத்தகங்களில் மட்டுமே கண்டவன்.

சேலத்தில் துரைமார்களுக்குச் சரக்கு விற்கும் ஒரு கடை இருந்தது. அன்றே ரயிலேறி அங்கே போனேன். கடைக்காரர் மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று ஐந்து ரூபாய், ஒன்று மூன்று ரூபாய், ஒன்று ஒன்றேகால் ரூபாய். மூன்றும் பார்வைக்கு ஒரே சிவப்பு. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்.

"மூணையும் எடுத்துப் போங்க சார். டாக்டர்கிட்ட காட்டி ஒண்ண வெச்சுக்குங்க. மூடி ஒடையாம இருந்தா மத்த ரெண்டையும் நான் திருப்பி எடுத்துக்கறேன்."

இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, குழந்தையைப் பார்த்துவிட்டுத் தர்மபுரிக்குப் போகலாம் என்று மாமனார் வீட்டுக்குப் போனேன். புட்டிகளை அலமாரியில் வைத்து, யாரும் தொட வேண்டாம், மூடி உடையக் கூடாது என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

என் மாமனார் புளியும் கேழ்வரகும் வாங்கி விற்பவர். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தி ஒரு கைப்பிடி தானியத்தை வெளியே இழுக்கிற குத்தூசி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். பத்து மூட்டை வந்தால் பத்திலும் குத்துவார். குத்திப் பாராமல் ஒரு பண்டத்தை வீட்டுக்குள் விட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மூன்று புட்டிகளின் தக்கைகளும் உள்ளே மிதந்துகொண்டிருந்தன.

"என்ன மாமா இது! மூடி ஒடையக் கூடாதுன்னு அத்தன தடவ சொன்னனே!"

"எங்கங்க ஒடச்சேன்? உள்ளாறதான தள்ளியிருக்கேன்" என்றார் அவர், கொஞ்சமும் பதறாமல். "சரக்கப் பாக்காம வெலை பேசற ஆளு நானில்லீங்க மாப்ள."

விலை பேசி முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. பக்கத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். கள்ளுக்கடைக் குத்தகை எடுத்தவர். குடிக்கிற எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல அந்த ஊரில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று டம்ளர்கள் தயாராக இருந்தன.

முதலில் ஐந்து ரூபாய். மாமனார் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு முகம் முழுவதும் சுருங்கியது.

"புளிச்சிப் போச்சு. போன வருசத்துப் புளிகூட இப்படி இருக்காது. நாக்குல தொவர்ப்பு வேற ஒட்டுது."

"செத்த கள்ளுண்ணே இது" என்றார் தம்பி. "அஞ்சு ரூபா குடுத்தீங்களாங்க மாப்ள? படிச்சவங்கள ஏமாத்தறது எம்புட்டு சுளுவா இருக்குது!"

மூன்று ரூபாயைக் குடித்துவிட்டுத் தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "சுள்ளுனு எறங்குது, பரவால்ல." ஒன்றேகால் ரூபாயைக் குடித்ததும் இருவர் முகமும் மலர்ந்தது. வெல்லப்பாகு மாதிரி இருக்கிறதாம். இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். இன்னொரு முறை பார்த்தார்கள்.

ஒயினுக்குப் புளிப்பும் துவர்ப்பும் இயல்பு என்று நான் படித்ததைச் சொன்னேன். "புஸ்தகத்துல நாக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார் தம்பி. எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

அத்தோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஐந்து ரூபாய் வீணாகப் போகிறதே என்று அவர்களுக்கு என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. பனையில் தெளுவு, அதாவது பதநீர், இறக்கும்போது புளிக்காமல் இருக்கப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அந்த வைத்தியத்தை இதற்கும் செய்தால் மீட்டுவிடலாம் என்றார் தம்பி. நான் கையைப் பிடிப்பதற்குள் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்து ஐந்து ரூபாய் டம்ளரில் போட்டுக் கலக்கினார்.

சிவப்பு நீலமாகி, நீலம் பச்சையாகி, கடைசியில் குளத்துப் பாசி போல் ஒரு கலங்கலில் வந்து நின்றது.

"ஐயோ, சாயம்!" என்று கத்தினார் மாமியார். "ஆலாத்தித் தண்ணிக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டாக்கூட செவப்பாத்தான் ஆவும். இது பச்சையாவுது பாருங்க. புள்ள பெத்த ஒடம்புக்கு வெசத்தக் கொண்டாந்திருக்கீங்களே!"

மூன்று ரூபாய்க்கும் சுண்ணாம்பு போட்டார்கள். அதுவும் அழுக்கு நிறமாயிற்று. ஒன்றேகால் ரூபாய்க்குப் போட்டார்கள். அது மட்டும் கொஞ்சமும் மாறாமல், கோயில் திருவிழாச் சர்பத்தைப் போல் சிவப்பாகவே நின்றது.

"பாத்தீங்களா மாப்ள?" என்றார் மாமனார். "கலப்பில்லாத சரக்குன்னா இப்படி நிக்கணும்."

உள்ளறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஏப்பா, அது எனக்கு வாங்கியாந்ததா, உங்க ரெண்டு பேருக்கா? எனக்கு ஒரு வாய் குடுத்துக் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"நீ சும்மா படும்மா. பச்ச ஒடம்பு" என்றார் அவர்.

என் வார்த்தை அங்கே எடுபடவில்லை. பெண் பிறந்த வீட்டில் இருக்கும்வரை அவள் வாய்க்குப் போவதை அந்த வீட்டார்தான் தீர்மானிப்பார்கள். இரண்டு புட்டிகளையும் மாமியார் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். மூன்றாவது அலமாரிக்குப் போயிற்று. வேளைக்கு ஒரு அவுன்ஸ் என்று அளவு காட்டிவிட்டு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் அலுவலகத்தில் அனுமதி பெற்று டாக்டரம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உண்மையான திராட்சை ரசம்னா சுண்ணாம்புல நெறம் மாறத்தான் செய்யும். மாறாம நின்னதுதான் சாயமும் சக்கரைத் தண்ணியுமா இருக்கும். நல்லதைக் கொட்டிட்டு அதையா குடுக்கறீங்க? மொதல்ல போய் நிறுத்துங்க!"

பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்கு மறுநாள் பகல் ஆகிவிட்டது. வாசலில் நுழையும்போதே புட்டியைக் கேட்டேன். மாமனார் கொண்டுவந்து காட்டினார். அடியில் இரண்டு விரற்கடைதான் மீதியிருந்தது.

"ஒரு அவுன்ஸ் தானே சொன்னேன்!"

"அவளுக்கு அவுன்ஸ்தானுங்க. கெட்டுப் போவுதா இல்லையான்னு நானும் தம்பியும் அப்பப்ப பாக்க வேணாங்களா?"

டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அந்தம்மா வெத்தல போடற ஆளாங்க? சுண்ணாம்பப் பத்தி அவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று அவர் கேட்டார். மீதியை நானே முருங்கைக்கு ஊற்றினேன். அவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒயின் வேண்டாம் என்று டாக்டரம்மா இரும்புச்சத்து மருந்து கொடுத்தார். ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியும் முருங்கைக் கீரையும் சமைத்துப் போடச் சொன்னார். தை பிறந்த பிறகு என் மனைவி குழந்தையைத் தானே தூக்கினாள். பால் வற்றவில்லை. அதே வருடம் அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. தம்பியின் குத்தகையும் சேலத்துக் கடையும் அதோடு போயின. அந்தச் சாயத் தண்ணீரைப் பற்றிக் கடைக்காரருக்கு நான் எழுதிய கார்டுக்குப் பதில் வரவில்லை. மாமனார் மட்டும் யுத்தம் முடிந்த பிறகும், வருகிறவர்களிடமெல்லாம், தன் மகளை எழுப்பி உட்கார வைத்தது ஒன்றேகால் ரூபாய் ஒயின்தான், குத்திப் பார்த்து எடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இதில் ஒரு தகவல் மட்டும் பாக்கி. அந்த ஒயினை ஒரு சொட்டுக்கூட விழுங்கவில்லை, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் வாயிலிருந்ததைக் கட்டிலடிச் சாம்பல் சட்டியில் துப்பிவிட்டேன் என்கிறாள் என் மனைவி. வேளை தவறாமல் தன் கண் முன்னாலேயே குடித்தாள் என்று மாமியார் சத்தியம் செய்தார். இரண்டையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டில் எது நடந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.