எட்டும் வேண்டாம், பதினாறும் வேண்டாம்

கம்ப்யூட்டர் விற்கிறவனைத் திண்டாட வைக்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு மெமரி போடலாம்?" கூடச் சொன்னால் தலையில் கட்டப் பார்க்கிறான் என்பார்கள். குறைத்துச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மெமரி தங்கம் மாதிரி விற்ற காலத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னக் கடையில் நின்று இதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

கடிதம் மட்டும் அடிக்க

அரசாங்க வேலையில் ரிட்டையர் ஆன யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் வந்தார். சங்கத்துக்குக் கடிதம் அடிக்க மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். எட்டு மெகாபைட் மெமரி தாராளம் என்றேன். நியாயமாகத்தானே சொன்னேன்? மனுஷர் முகம் சுண்டிப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் பதினாறு போட்டிருக்கிறாராம். கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, என்னைப் பாத்தா எட்டுக்குத்தான் லாயக்கு எண்டு தெரியுதோ?"

பிறந்த தேதி இருபத்தாறு

கிள்ளானில் அச்சகம் வைத்திருந்த ஏகாம்பரம் அண்ணன் வந்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறவர். டிசைன் வேலையை வெளியே கொடுத்துக் கட்டுப்படியாகாமல், சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவதற்காக டெலிவரி வேனையே விற்றுவிட்டு வந்திருந்தார். தைப்பூசத்துக்கு ஒரு கோயிலின் கலர் போஸ்டர் ஆர்டர் கையில் இருந்தது. அது நல்லபடியாக வந்தால் அச்சகம் பிழைக்கும். மெஷின் பாதியில் நின்றால் வேனும் போச்சு, ஆர்டரும் போச்சு.

"மெமரிங்கிறது மேசை மாதிரி அண்ணே, சின்ன மேசையில பெரிய போஸ்டரை விரிக்க முடியாது. எட்டு பத்தாது, பதினாறாச்சும் வேணும்" என்றேன். எட்டு என்றதுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எட்டு சனியின் எண்ணாம்; இருபத்தாறாம் தேதி பிறந்தவராம், அதைக் கூட்டினாலும் எட்டு, ஏற்கெனவே சனி பிடியில் இருக்கிறாராம். பதினாறைக் கூட்டினால் ஏழு, அதுவும் ஆகாதாம். முப்பத்திரண்டுக்கு வசதியில்லை. கடைசியில் விரல்விட்டுக் கணக்குப் போட்டு அவரே முடிவு செய்தார்.

"இருபத்திநாலு போடுங்க தம்பி, கூட்டினா ஆறு, சுக்கிரன். கலர் வேலைக்கு அவருதான் லா ராஜா!"

தவுக்கே சிரித்தார்

அந்த மெஷினில் இருபத்திநாலு வர, நாலு மெகாபைட் துண்டு இரண்டும் எட்டு மெகாபைட் துண்டு இரண்டும் சொருக வேண்டும். உள்ளே எட்டு இருக்கிறது என்று அண்ணனிடம் நான் மூச்சு விடவில்லை. அளவைக் கலந்து போட்டால் சில மெஷின் மக்கர் பண்ணும். அந்தக் கவலையில் எனக்குச் சோறே இறங்கவில்லை. எங்களுக்கு மெமரி சப்ளை பண்ணுகிற சீனத் தவுக்கேவிடம், அதாவது முதலாளியிடம், சொல்லிப் புலம்பினேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்களுக்கு எட்டுதான் அதிர்ஷ்டம். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த கடைத்தமிழில் சொன்னார்.

"எட்டு ஓங் லா பாஸ், ரொம்ப லக்கி! நாலுதான் சாவு நம்பர். நாலு துண்டு போட்ட பெட்டி பக்கம் நான் போகமாட்டேன்."

கிள்ளானில் நல்ல நேரம்

கடையிலேயே எல்லாம் ஓட்டிப் பார்த்து, கம்ப்யூட்டருக்கு உயிரே இதுலதான் என்று அண்ணனுக்கு மெமரித் துண்டுகளைக் காட்டிவிட்டு, பெட்டியை லோரியில் அனுப்பினேன். மறுநாள் நல்ல நேரத்தில் ஸ்விட்ச் போட நான் போனேன். பெட்டிக்கு மாலை, பக்கத்தில் எலுமிச்சம்பழம். அண்ணன் புது வேட்டியில் நிற்கிறார். அவர் மனைவி கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஸ்விட்சைப் போட்டேன். திரையில் மெமரி எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறி, எட்டிலேயே நின்றுவிட்டது! அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

மூடியைத் திறந்தால், ஐயோ சாமி! முன்னால் கைக்கு வாகாக இருந்த எட்டு மெகாபைட் துண்டு இரண்டிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. நடுவில் சந்தனப் பொட்டு, அது வழிந்து சொருகுகிற விளிம்பு வரைக்கும் காய்ந்து கிடக்கிறது. "யாரு இதைக் கழட்டினது?" என்று கத்தியே விட்டேன். அண்ணன் கொஞ்சங்கூடக் கூச்சப்படவில்லை.

"கம்ப்யூட்டருக்கு உயிரே இதுலதான்னு நீங்கதானே சொன்னீங்க? உயிருக்குத் திருநீறு பூசாம விடுவேனா?"

முருகன் இறங்கினார்

அவர் மேசையில் கிடந்த பென்சில் ரப்பரால் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அவசரத்தில் துண்டு இரண்டு தரம் நழுவியது. திரும்பச் சொருகி, வாய்விட்டே முருகா என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டேன். எட்டு போனது, பதினாறு போனது, இருபத்திநாலில் வந்து நின்றது. அப்போதும் நிம்மதி வரவில்லை. போஸ்டருக்கென்று கோயில்காரர்கள் கொடுத்திருந்த முருகன் படத்தைத் திறக்க வேண்டுமே. திறந்தேன். கிரீடம் வந்தது, முகம் வந்தது, வேல் வந்தது. இதோ நிற்கப்போகிறது, இதோ நிற்கப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மயில் தோகை வரை முழுசாக வந்துவிட்டது. அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வேனை வாங்கினவன் ஓட்டிக்கிட்டுப் போனப்பகூட நான் அழல தம்பி, இப்பத்தான் அழுக வருது."

அதற்கப்புறம் அந்தக் கடையில் இருந்த வரைக்கும், எவ்வளவு மெமரி போடலாம் என்று யார் கேட்டாலும், என்ன வேலைக்கு என்று கேட்பதற்கு முன்னால் பிறந்த தேதியைக் கேட்டுவிடுவேன்.