தாலி கட்டும் நேரத்தில் வந்த பூனை

கேபிள் டிவி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில், எலியைத் துரத்தும் கார்ட்டூன் பூனைக்கு நான் அடிமை. வயது இருபத்து மூன்று, பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். வெட்கமாவது ஒன்றாவது! பூனை சுவரில் மோதித் தோசைபோல ஒட்டிக்கொள்ளும், உதிர்ந்து விழும், எழுந்து மறுபடி ஓடும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் அதைப் பதிவு செய்ய வெற்று கேசட் இல்லை. கையில் இருந்தது அக்காவின் கல்யாண கேசட். தவறி அழிந்துவிடக் கூடாதென்று வீடியோக்காரர் அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அந்தப் பள்ளத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் மறுபடியும் பதியும் என்பது எனக்குத் தெரியும். பேண்டேஜ் கம்பெனிக்காரன் வீட்டில் பிளாஸ்திரிக்கா பஞ்சம்? பந்தி நடக்கும் இடத்துக்கு ஓட்டிவிட்டதாக நினைத்துப் பட்டனை அமுக்கினேன். சாப்பிடுகிறவர்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த மாதமே, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அத்தானின் அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுறதையாவது கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றாராம். வீடியோ டெக்கையும் கேசட்டையும் நானே சுமந்துகொண்டு போனேன், கிறுக்கன்!

எல்லோரும் உட்கார்ந்தோம். திரையில் கெட்டிமேளம் கொட்டியது. அத்தான் தாலியைக் கையில் வாங்கினார். கர்ரென்று கோடுகள் ஓடின. பூனை வாணலியோடு வந்தது.

"ஏலே, எந்தாலி எங்கலே?" என்று அக்கா விளக்குமாற்றை எடுத்தாள். அடுப்படி வழியாகப் புறவாசலுக்குப் பாய்ந்தேன். கொடியில் காய்ந்த சேலை தலையில் சுற்றிக்கொண்டது, அதோடேயே ஓடினேன். கழுவிவிட்ட தளத்தில் நான் வழுக்கி விழ, பின்னால் வந்த அக்கா என் மேலேயே விழுந்தாள். "ஐயோ தேவுடா!" என்று பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அத்தான்கூடச் சிரித்துவிட்டார்.

அவருடைய அண்ணன் மட்டும் டிவி முன்னாலேயே இருந்தார். பூனை முடிந்து பந்தி வந்தது. பந்தி பத்திரமாக இருந்தது.

முழங்கைச் சிராய்ப்போடு அவரிடம் போனேன். அவரும் எனக்கு அத்தான் முறைதான். "மன்னிச்சிருங்க அத்தான்."

"விடுங்க மாப்ளே. நீங்க பக்கத்துலதான நின்னீக? தாலியக் கையில வாங்குனதும் தம்பி என்ன செஞ்சான்?"

"கட்டாம செத்த நேரம் வாசலையே பாத்தாக. நேரமாவுதுன்னு ஐயர் சொன்ன பொறவுதான் கட்டுனாக."

"யாரத் தேடுனான்?"

"உங்களத்தான்."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அது கேசட்டுல இருந்துச்சா மாப்ளே?"

"இருந்துச்சு அத்தான்" என்றேன்.