துமேனி திரும்பிய சரிவு

எங்கள் சுர்வல் ஊரில் துமேனிக்கு மாடு வளர்ப்பது தொழில். பனிக்காலத்தில் மட்டும் இன்னொரு வேலையும் உண்டு. காலை ஏழு மணிக்கு அளவுகோலைப் பனியில் ஊன்றிப் பார்த்து, எவ்வளவு விழுந்திருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பட்டணத்துப் பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போனில் சொல்வார். இருபத்தாறு வருடம். காய்ச்சலிலும் தவறியதில்லை.

அவர் மகள் மெங்கியா கணவாய்க்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள். சனவரியில் அவளுக்குப் பெண் பிறந்தது. ஆண்டவரிடம் போய்விட்ட தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்து, ஞானஸ்நானத்தில் தானே ஏந்தி நிற்க வேண்டும் என்று துமேனிக்கு ஆசை. குறித்த நாளில் சாலை மூடிக் கிடந்தது. சாமியார், துமேனி, தடியன் கிளாவ், நான் நால்வரும் காலில் பனிச்சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு கணவாய் ஏறினோம்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கடைசிச் சரிவில் கிளாவின் பழைய தடம் அங்கங்கே தெரிந்தது.

"முந்தாநாள் நான் போன தடம்ணே. என்னையவே தாங்குச்சு, உங்களத் தாங்காதா?"

"அதுக்கப்புறம் ராத்திரி காத்து அடிச்சுதேடா. மேல புதுசா ஏத்தி வச்சிருக்கு."

துமேனி சரிவில் கால் வைக்காமல், ஓரத்து மேட்டில் இடுப்பளவு வெட்டி, பனியிலேயே ஒரு தூண் ஒதுக்கினார். அதன் தலையில் மண்வாரியை வைத்து மணிக்கட்டால் பத்துத் தட்டு தட்டினார். அசையவில்லை. பிறகு முழங்கையிலிருந்து தட்டினார். மூன்றாவது தட்டில் மேல்பாதி பலகைபோல் வழுக்கி அவர் மடியில் விழுந்தது. அடியில் இருந்ததை அள்ளினார். சீனியாக உதிர்ந்தது; மேல்பனிக்குப் பிடிப்பே இல்லை.

சாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஒவ்வொருத்தரா இடம்விட்டுப் போனா, துமேனி?"

"போலாம் சாமி. ஒருத்தர் புதைஞ்சா தோண்ட மூணு பேரு மிஞ்சுவோம். அவ்வளவுதான்."

கண் கலங்கியது துமேனிக்கு. கட்டையைத் திருப்பினார்.

வழியில் நின்று மகளுக்குப் போன் போட்டார். அவள் சத்தம் எனக்கே கேட்டது.

"இருவது பேருக்குச் சமைச்சு வச்சிருக்கேன்! சாமி இல்லாம நான் யார வச்சு ஞானஸ்நானம் குடுக்க?"

"சோத்த நீங்க சாப்புடுங்கம்மா. பிள்ளைக்கு நான் வந்துதான்."

அங்கே யாரையோ பரிமாறச் சொன்னாள். பிறகு, "பாத்து எறங்குங்கப்பா" என்றாள்.

ஆறாம் நாள் சாலை திறந்தது. துமேனி பேத்தியை ஏந்தி நின்றார். தண்ணீர் பட்டதும் அது கோயில் அதிர வீறிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்தச் சரிவின் பனியோ கடைசிவரை இறங்கவேயில்லை. ஏப்ரல் வெயிலில் சும்மா கரைந்து போனது.

"வராத பனிக்குப் பயந்தவருண்ணே நீங்க!" என்று கிளாவ் இன்றும் சீண்டுவான்.

"வரலைல்ல? நல்லதாப் போச்சு," என்பார் துமேனி.