எடைமேடையில் ஒரு பூஜ்யம்

எங்கள் ஊரில் யார் எவ்வளவு வீணாக்குகிறார்கள் என்று என் அண்ணிக்குத் தெரியும். வம்பு பேசித் தெரிந்துகொண்டாள் என்று நினைக்காதீர்கள், அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது. குப்பைக் கிடங்கின் வாசலில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். லாரி உள்ளே போகும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை. கழித்து வருவதைச் சீட்டில் எழுதி முத்திரை குத்துவாள். அவள் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே குப்பைமலை. அதற்கு அந்தப் பக்கம் ஏரி இருப்பதாக ஊர் வரைபடத்தில் போட்டிருந்தது. எங்கள் வயதுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை.

நான் அவளுக்குக் கொழுந்தன். குப்பை லாரி ஓட்டுகிறவன், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன்.

ஒரு வருடம் நகராட்சி புது விதி போட்டது. மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. கலந்து வரும் லாரியை எடைமேடையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டுநர்கள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கிடங்கு மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது ஒழுங்கா நடந்துச்சுன்னா இங்க வண்டி வர்றதே நின்னுடும்மா. வண்டி இல்லேன்னா உனக்கு ஏது வேலை? பாத்து நடந்துக்க" என்றார் அண்ணியிடம். அவள் சரி என்று தலையாட்டினாள். எதற்குச் சரி என்றாள் என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் முதல் லாரி என்னுடையது. அண்ணி பக்கவாட்டு ஏணியில் ஏறிப் பார்த்தாள். கையை விட்டு ஒரு பையை உருவினாள். காய்கறித் தோல், தீர்ந்துபோன பேட்டரி, மாத்திரை அட்டை, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கூடவே கிடந்த மருந்துச் சீட்டில் என் அண்ணன் பெயர்.

"தம்பி, வண்டியத் திருப்புங்க."

"விளையாடாதீங்க அண்ணி. இது நம்ம தெரு வண்டி. நம்ம வீட்டுக் குப்பை!"

"அதான் சொல்றேன். மொத வண்டிய விட்டுட்டா, ரெண்டாவது வண்டிய எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிறுத்துவேன்?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திரும்பிப் போய்த் தெருமுனைக் காலி இடத்தில் அத்தனையையும் கொட்டினேன். நாற்றம் வீட்டுக்குள்ளெல்லாம் புகுந்தது. வாய்க்கு வந்தபடி தெருவே அண்ணியைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன், பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்து அண்ணி வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு வாளியோடு உட்கார்ந்தாள். முதலில் பிரித்தது எங்கள் வீட்டுப் பையை. அண்ணன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்ததாகப் பக்கத்து வீட்டுப் பையை எடுத்தாள். அந்த அம்மாள் ஓடிவந்தாள்.

"என் வீட்டு அழுக்க நீ ஏன் தொடுற? குடு இப்படி."

பிறகு தையல்காரர் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். இருட்டுவதற்குள் தெருவே குந்தி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் ஒரு மனுஷி ஒரு தெருவை உட்கார வைத்ததைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானும் ஒரு பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த வாரம் மட்டும் பதினோரு லாரிகளைத் திருப்பினாள். அடுத்த மாதம் மூன்று. பிறகு திருப்ப வேண்டிய அவசியமே அபூர்வமாகிவிட்டது. தோலும் தழையும் உரக்குழிக்குப் போயின, காகிதமும் இரும்பும் வாங்குகிறவர்களிடம் போயின. ஒன்பது டன் ஏற்றிய என் லாரி ஆறு டன்னுக்கு இறங்கியது, பிறகு இரண்டு. பழைய மலையையும் இயந்திரம் வைத்துத் தோண்டிச் சலித்து அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள்.

"உக்காந்திருக்கிற கிளையவே வெட்டுறியே" என்று அண்ணன் புலம்புவான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு நாளைக்கு நாலு லாரியைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அவள் வேலை ஓய்வு வயது வரை நின்றிருக்கும்.

"கண்ண மூடிக்கிட்டு முத்திரை குத்த எனக்கு வராதுங்க" என்பாள்.

ஒன்பது வருடத்தில் கிடங்கை மூடும் உத்தரவு வந்தது. அவளுக்கு வேறு இடத்தில் வேலை தருவதாக அதில் ஒரு வரியும் இல்லை. கடைசி நாள் கணக்கை முடிப்பதற்காக என் லாரியை வெறுமனே வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போனேன், ஒரு எடை. திரும்பினேன், அதே எடை. அண்ணி இரண்டையும் கழித்தாள். சீட்டில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினாள். அதை வாங்க அறைக்குள் போனேன்.

"வேல போச்சே அண்ணி. வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? நேத்தெல்லாம் சோறு இறங்கல" என்றாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள். "இங்க வந்து பாருங்க. கடைசிக் குவியல இன்னிக்குக் காலையிலதான் அள்ளினாங்க."

பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். வெயிலில் தகதகவென்று கிடந்தது.

அண்ணி வெறுங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"இங்கேருந்து நடந்தா ஐந்நூறு காலடி இருக்குமா தம்பி? இவ்வளவு பக்கத்துலயா இருந்திருக்கு?"