ஜூலை மழைக்கு ஓர் அறை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை ஜூலை மாதத்தில்தான் மூன்று கிழமை பூட்டும். வேறு மாதத்தில் விடுமுறை கேட்க முடியாது. தாய்லாந்தில் அது மழைக்காலம் என்று தெரிந்துகொண்டுதான் போகத் தீர்மானித்தோம்.

இலங்கையில் சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் தங்கச்சி முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். எங்களிடம் டெனிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும் கொழும்பில் இறங்க என் கணவருக்குப் பயம். அவளுக்கு டென்மார்க் விசா கிடைக்காது. இரண்டு பக்கத்தாரும் அதிகம் தொல்லைப்படாமல் போய்ச் சந்திக்கக்கூடிய நாடு தாய்லாந்து என்று எங்கள் ஆட்கள் பலர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கச்சியைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய கலியாணத்தையும் படத்தில்தான் பார்த்தேன். பிறகு பிறந்த மகளையும் படத்தில்தான் பார்த்தேன்.

அந்த மகளின் படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. மூன்று வயதில் எடுத்தது. நடக்கப் பழகிய நாளில் கிணற்றுக் கட்டில் விழுந்து இடது புருவம் பிளந்துபோயிற்று என்று தங்கச்சி கடிதத்தில் எழுதியிருந்தாள். படத்தில் அந்தப் புருவம் நடுவில் முடியில்லாமல் இரண்டு துண்டாக இருந்தது. அதன் பிறகு சண்டை மூண்டு, அவள் இருந்த பக்கத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். படமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். என்னோடு கூட வேலை செய்தவள் ஒரு தாய்லாந்துப் பெண். இங்குள்ள விவசாயி ஒருவரைக் கட்டி, நகரத்துக்கு வெளியே பன்றிப் பண்ணை ஒன்றில் குடியிருந்தாள். சண்டை முடிந்த செய்தியை நான் கேட்டது அவளோடு நின்றபோதுதான். கட்டில் விரிப்பு ஒன்றின் இரண்டு முனைகளை அவளும் மற்ற இரண்டை நானும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். வானொலியில் எங்கள் நாட்டின் பெயர் வந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவள் விரிப்பை இழுத்தாள். என் கைகள் அசையவில்லை. இடைக்கிடை வந்த தொலைபேசி அழைப்பும் நின்று, நாலு மாதமாகத் தங்கச்சியிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் இருந்த நேரம் அது.

மூன்று கிழமை கழித்து முகாமிலிருந்து யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் தங்கச்சி எனக்கு அழைப்பு எடுத்தாள். "அக்கா, நானும் பிள்ளையும் இருக்கிறம். அவர் இல்லை" என்றாள். அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. அவளுடைய கணவர் போய்விட்டார் என்பதை அழுது முடிக்கவே எனக்குப் பல நாள் எடுத்தது. பிள்ளையாவது மிஞ்சியதே என்று நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அதனால்தான் அந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது நான் ஓரளவு சந்தோசமாகவே இருந்தேன். பாங்கொக்கில் தங்கத் தங்கச்சிக்கு விருப்பமில்லை. அங்கே ஒளித்திருந்த எங்கள் ஆட்களைப் பொலிஸ் அறை அறையாகத் தேடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். சலவை அறைத் தோழி தன் ஊருக்குப் போகச் சொன்னாள். தெற்கில், கடலோரத்தில் ஒரு சின்ன மாகாண நகரம். "எங்கடை ஊரில் எட்டு மாதம் மழை, நாலு மாதம் வெயில். ஜூலையில் ஒருவரும் வர மாட்டார்கள். அறை மலிவு" என்று தன் உடைந்த டெனிஷில் சொன்னாள். என்னுடைய டெனிஷும் உடைந்ததுதான். ஆனால் இருவருக்கும் விளங்கியது. பஸ் நிலையத்துக்கு எதிரே அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி ஒரு சின்ன ஹொட்டேல் நடத்துகிறாளாம். சலவைத் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் அதை வரைந்து காட்டினாள். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே இரண்டு மாடி அறைகள்.

நான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். ஜூலையில் கீழே வெள்ளம் வருமா? வரும், கணுக்கால் மட்டும். மின்விசிறியா, ஏசியா? விசிறி. உடுப்புக் காயுமா? காயாது, இரண்டு மடங்கு கொண்டுபோ. அறைக்குள் சோறு வைக்கலாமா? ஹொட்டேல் அக்காவிடம் நான் சொல்கிறேன். தங்கச்சியிடம் உனக்கு என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"தகரக் கூரையோ அக்கா?"

"ஏன்?"

"மழை பெய்தா சத்தம் வரும். தகரம் எண்டா வேண்டாம்."

மேல்மாடிக்குத் தகரம்தான். ஆகவே முதலாம் மாடியில், தலைக்கு மேல் கொங்கிறீட் உள்ள அறைகளாக இரண்டு கேட்டோம். ஒன்று எங்களுக்கு, ஒன்று தாய்க்கும் மகளுக்கும். வெளிநாட்டவர் தங்கினால் பதிய வேண்டும், பாஸ்போர்ட் கொப்பிகளை முன்கூட்டியே அனுப்பினால் நல்லது என்று ஹொட்டேல்காரி சொல்லியனுப்பினாள். தங்கச்சி வவுனியாக் கடையொன்றில் கொடுத்து ஈமெயிலில் அனுப்பினாள். வேலை முடிந்து வரும் வழியில் நகர நூலகத்தில் அதை அச்செடுத்தேன்.

முதல் தாளில் தங்கச்சி. மெலிந்து, முடி குறைந்து, அம்மாவின் முகத்தோடு இருந்தாள். இரண்டாம் தாளில் அவளுடைய மகளின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாம் சரியாக இருந்தன. படத்தில் ஒரு சிறுமி நேராக என்னைப் பார்த்தாள். இரண்டு புருவமும் முழுசாக இருந்தன.

அச்சு சரியில்லை என்று நினைத்தேன். மறுபடி எடுத்தேன். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். காயத்தின் மேல் முடி முளைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் நாடி வேறு, காது வேறு. அது எங்கள் பிள்ளை இல்லை. அச்செடுத்த தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். அங்கிருந்தே தங்கச்சிக்கு எடுத்தேன்.

"பாஸ்போட் கொப்பி வந்தது. பிள்ளையின்ர படம் மாறி வந்திட்டுது போல" என்றேன்.

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது.

"மாறேல்லை அக்கா."

"அப்ப இது ஆரின்ர பிள்ளை?"

கேட்ட பிறகு அந்தக் கேள்வியின் தொனி எனக்கே கூசியது. அவள் கோபிக்கவில்லை. "ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. வேற போனிலை இருந்து எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. நூலகத்துக்கு வந்தவர்கள் பிள்ளைகளோடும் சைக்கிள்களோடும் போனார்கள். நல்ல வெயில். எனக்குக் குளிர்ந்தது. அவள் எடுத்தபோது ஒரு மணித்தியாலத்துக்கும் கூடிவிட்டது.

"ஏப்ரலிலை அக்கா. என்ர மடியிலைதான். அவர் போய் ரெண்டு மாதத்தாலை. அங்கையே மண்ணுக்கை தாட்டுப்போட்டு வந்தனான்" என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "இவ பக்கத்து பங்கருக்கை இருந்தவ. தாயும் தேப்பனும் ஒரே நேரத்திலை முடிஞ்சினம். என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ, விடேல்லை. முகாமிலை பதியேக்கை பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கோ எண்டு கேட்டாங்கள். என்ர பையுக்கை ஒண்டுதான் இருந்தது. அதைக் குடுத்தன்."

கைப்பையிலிருந்து தாளை எடுத்து அந்தச் சிறுமியின் முகத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"ஒரு வருசமா ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கடைசியில் கேட்டேன்.

"நானும் பிள்ளையும் இருக்கிறம் எண்டு சொன்னனான். அது பொய்யில்லை." பிறகு சொன்னாள்: "எனக்கு இஞ்சை அழேலாது அக்கா. அவருக்கு எண்டு அழலாம். பிள்ளைக்கு எண்டு அழேலாது. பிள்ளை பக்கத்திலை நிக்கிது, ஆருக்கு அழுறாய் எண்டு கேப்பினம். எங்களை ஆருக்கும் தெரியாத இடத்திலை போய் ஒருக்கா வாய்விட்டு அழவேணும். அதுக்குத்தான் நீங்கள் கேட்ட உடனை வாறன் எண்டனான்."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு புருவமும் முழுசாக இருந்த அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எயர்போட்டிலை பிள்ளையைத் தனியக் கூப்பிட்டு விசாரிச்சா? உம்மட தங்கச்சியை உள்ளுக்கை போட்டிடுவாங்கள். பிள்ளையை எங்கையும் குடுத்திடுவாங்கள். நிப்பாட்டுறதுதான் நல்லது."

"நீங்கள் சொல்லுறது சரி. ஆனா அவளுக்கு நான் என்னண்டு சொல்லுறது, வராதை எண்டு?"

அவர் எழும்பிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு நாள் அந்தக் கதையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கோப்பியைக் குடித்துக்கொண்டே, "பெரிய குடையா ரெண்டு வாங்கும்" என்றார்.

சலவை அறையில் தோழி கொப்பிகளைக் கேட்டாள். கொடுத்தேன். சிறுமியின் படத்தைப் பார்த்து, "கண் அப்படியே உன்னுடைய கண்" என்று சிரித்தாள். நான் உலர்த்தும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த டெனிஷ் சொற்களை வைத்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். இறந்த காலமும் நிகழ்காலமும் குழம்பிக் குழம்பி வந்தன. "இருக்கிறாள்" என்று நான் சொன்னதை அவள் இரண்டு தரம் "இல்லையா?" என்று கேட்டுத் திருத்தினாள். விளங்கியபோது துவாய்களை மடிக்கத் தொடங்கினாள். அடுத்த நாள் காலை என்னைக் கண்டதும், "முதலாம் மாடியில் கடைசி அறை உன் தங்கச்சிக்கு. பக்கத்து அறையை வாடகைக்குக் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் அறை அதற்கும் அடுத்தது" என்றாள்.

பாங்கொக் விமான நிலையத்தில் ஒருவரும் அந்தப் பிள்ளையை விசாரிக்கவில்லை. தங்கச்சியை நான் கட்டிப்பிடித்தபோது, அவளுடைய சட்டையை விடாமல் பிடித்தபடி பிள்ளை நடுவில் நசிந்து நின்றாள். என்னைப் "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திருப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். நகரம் நனைந்து கிடந்தது. ஹொட்டேலின் கீழ்த்தளத்துப் படிகளில் தண்ணீர் ஏறி நின்றது. பலகை போட்டு எங்களை உள்ளே எடுத்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சணம். ஆனால் கட்டில் விரிப்புகள் வெள்ளையாக, மொடமொடவென்று இருந்தன. முதல் மூன்று நாளும் தங்கச்சி அழவில்லை. சாப்பிட்டாள், பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்தாள், சண்டைக்கு முந்திய கதைகளைக் கதைத்தாள், படுத்தாள். அவள் அழுவதற்காகக் காத்திருப்பது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் என் கணவர் பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் தங்கச்சி நிலத்தில் குந்தினாள். மகளின் பெயரைச் சொன்னாள். ஒருக்கால் மெதுவாக, பிறகு உரத்து. அதன் பின் அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதுவரை எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. பிள்ளையின் கால், கை, புருவக் காயம், கடைசியாகத் தண்ணீர் கேட்டது என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் அழுதேன் என்று சொல்ல முடியாது. எனக்குத் திகில்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் ஹொட்டேல்காரி கதவைத் திறந்து பார்த்தாள். கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். அதை வாசலில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

என் கணவரும் பிள்ளையும் நனைந்து வந்தார்கள். பிள்ளையின் கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான். தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் கட்டிலில் இருந்தாள். பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, அந்த அக்காவுக்கோ அழுதனீங்கள்?"

ஏழு வயதுப் பிள்ளை. எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு வருடமாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"ஓம்" என்றாள் தங்கச்சி.

பிள்ளை ஈரச் சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "நானும் அழட்டோ? எனக்கும் என்ர மற்ற அம்மாவை நினைச்சு அழவேணும்."

என் கணவர் குடையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு அறைக்கு நடுவில் நின்றார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. தங்கச்சி பிள்ளையை மடிக்கு இழுத்து, "அழு" என்றாள். பிள்ளை அழுதாள். முதலில் சிணுங்கல் மாதிரி, பிறகு மூச்சு முட்ட. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.