கடைசி வீட்டுச் சீனி

"...வெறுந்தட்டு குடுத்தனுப்பப்படாதெண்டு அந்த உம்மாதான் சீனி போட்டுத் தந்தா, பெரியம்மா" என்றபடி தட்டை நீட்டினாள் தங்கையின் ஐந்து வயது மகள்.

இயேசு பிறந்த நத்தார்க் காலையில் எங்கள் கல்முனை ஒழுங்கையிலுள்ள முஸ்லிம் வீடுகளுக்குக் கேக் அனுப்புவோம். அந்த வீட்டாட்கள் லேசில் வெறுந்தட்டைத் திருப்பமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள்.

"எந்த வீட்டு உம்மா, மகள்?"

"கடலடியில, கடைசி வீடு."

அந்த வளவில் இப்போது அத்திவாரம் மட்டும்தான் கிடக்கிறது. நத்தாருக்கு மறுநாள் வந்த சுனாமி அந்த வீட்டையும் உம்மாவையும் அவரது இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனபோது இவள் பிறக்கவேயில்லை. நாங்கள் அதை இவளுக்குச் சொன்னதுமில்லை.

தட்டில் இருந்தது ஈரக் கடல்மணல்.

"தனியக் கடலுக்குப் போய் விளையாடிப்போட்டுக் கதை விடுறாள், கள்ளி" என்று தங்கை சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் வாசல் படலையைப் பூட்டினாள். "இனி அங்கால போகப்படாது, விளங்குதா?"

"ஓம், போகல்ல. அவங்கதான் பின்னால வந்தாங்க. ரெண்டு பிள்ளையளுக்கும் கேக் காணாதாம்."

மணலைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு துண்டு கேக் வைத்த சின்னவள், ஆளில்லாத ஒழுங்கைக்குப் படலைக் கம்பிகளுக்கூடாகத் தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.